சபாபதி அண்ணனுக்கு மீன் இல்லை

பாலாமணி,

நீ எஸ்டேட்ல இருந்து வந்ததும் சபாபதி அண்ணன் நம்ம ஃபைட்டர் மீனை வாங்க வருவாரு, நேத்து கோவத்துல நான்தான் தர்றேன்னு சொல்லிட்டேன். குடுத்துடாதே.

நீ மீனுக்கு விளையாட்டுக் காட்டுனப்போ "மீனுக்கு எதுக்குடி பொழுதுபோக்கு?"ன்னு நேத்து கத்துன நான்தான், காலையில தொட்டி முன்னால உக்காந்து விரலை ஆட்டிக்கிட்டிருந்தேன். விரல் போற பக்கமெல்லாம் பின்னாலயே வந்துச்சு. ஷேவிங் கண்ணாடியக் காட்டுனா செவுளை விரிச்சுச் சண்டைக்கு நிக்குது. என் மூஞ்சியக் காட்டுனேன், திரும்பிப் படுத்துக்கிச்சு. உன்னை மாதிரியேதான். இந்தக் கூத்துல வெலிங்டன் பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடறேன்.

ரசம் அடுப்புமேல இருக்குது. குளிருக்கு என் ஸ்வெட்டரைத் தொட்டிக்குச் சுத்தியிருக்கேன், எடுக்காதே.

அண்ணன்கிட்ட நீதான் தரமாட்டேன்னதா சொல்லிடு. என் மானம் போயிரும்.

குப்புசாமி

பி.கு.: கண்ணாடிய அஞ்சு நிமிசத்துக்கு மேல காட்டாதே, களைச்சுப் போயிரும்.

இன்னொண்ணு: நேத்து கத்துனது தப்புன்னு மீன்கிட்டச் சொல்லிட்டேன். உங்கிட்டச் சொல்லத்தான் தைரியம் வரலை.