தொண்ணூறு வினாடி

மார்ச் 3, செவ்வாய்

நான் தூங்கவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்தபடியே நான் தூங்கிவிடுவதாக மருமகள் தன் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். நான் வேலை பார்க்கும் இணைய ஆலோசனை நிறுவனமும் அதையே கொஞ்சம் நாகரிகமாக மின்னஞ்சலில் எழுதியிருக்கிறது: "அமர்வின்போது கவனம் தளர்கிறது." முப்பத்தாறு வருடமாக மனநல ஆலோசகராக இருப்பவள் நான். வயது எழுபத்தொன்று. தூக்கம் வந்தால் கட்டிலுக்குப் போகத் தெரியும்.

நடப்பது இதுதான். வந்தவர் பேச்சை நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். அவர் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருக்கிறார். குறுக்கே போகக் கூடாது. மருத்துவமனை அறையில் இப்படி இருபது நிமிடம்கூட உட்கார்ந்திருக்கிறேன். இந்த இணைய ஏற்பாட்டிலோ தொண்ணூறு வினாடி இரு பக்கமும் குரல் கேட்காவிட்டால், தொடர்பு போய்விட்டதென்று இயந்திரமே முடிவுகட்டி அழைப்பைத் துண்டித்துவிடுகிறது. போன மாதம் ஐந்து முறை. பழி என் வயதின்மேல்.

மார்ச் 4, புதன்

மேலாளர் திரையில் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையில் திரைக்குத் தெரியும் பகுதி மட்டும் இஸ்திரி போட்டிருந்தது.

"சைலன்ஸ் வந்தா நடுவுல 'புரியுது, புரியுது'ன்னு சொல்லிக்கிட்டே இருங்க மேடம்."

"புரியலைன்னா?"

"அப்பவும் சொல்லலாம் மேடம்."

இன்னும் ஒரு முறை துண்டிக்கப்பட்டால் என்னிடம் வருகிறவர்களை வேறு ஆலோசகர்களுக்கு மாற்றிவிடுவார்களாம். விதி என்கிறார்.

மற்றவர்கள் எங்கேயும் பேசிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்காரரை நினைத்தால்தான் கவலை. (பெயரை இங்கேகூட எழுத மாட்டேன்.) ஐம்பது வயது. எனக்கு முன் மூன்று ஆலோசகர்களை விட்டு வந்தவர். "நான் யோசிக்கிறதுக்குள்ள அவங்களே பதில் சொல்லிட்டாங்க" என்றார். ஆறு வாரம் காத்திருந்தேன். போன வெள்ளி, "என் தம்பி..." என்று தொடங்கி நிறுத்தினார். நானும் அசையவில்லை. தொண்ணூறாவது வினாடியில் திரை கறுத்தது. மறுபடி இணைந்தபோது வானிலையைப் பற்றிப் பேசினார்.

மார்ச் 5, வியாழன்

சோதனை. மருமகளை அடுத்த அறையில் மற்றொரு கணினி முன் உட்கார வைத்தேன். மேசை விசிறியை ஒலிவாங்கிக்கு நேரே திருப்பினேன்: துண்டிப்பு. அலாரக் கடிகாரம்: துண்டிப்பு. செய்தித்தாளைக் கசக்கினேன்: அதுவும் துண்டிப்பு. மனிதக் குரல்தான் வேண்டுமாம் அந்த மகாராஜாவுக்கு.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "பேசாம இருக்கிறதுக்கு இவ்ளோ சத்தமா அத்தை?"

சொல்ல இருந்ததை, கான்வென்ட் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் கற்றுத்தந்த மரியாதை தடுத்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

நிமிடத்துக்கு ஒருமுறை தொண்டையைச் செருமுவதென்று முடிவு செய்தேன். முதல் செருமலுக்கு, "தண்ணி குடிங்க மேடம்" என்றார் வெள்ளிக்கிழமைக்காரர். இரண்டாவதற்கு, டாக்டரிடம் காட்டினேனா என்று கேட்டார். மூன்றாவதற்குப் பிறகு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கும் முறையைப் படிப்படியாக விளக்கினார். அழைப்பு அறுபடவில்லை. முழு அமர்வும் என் தொண்டைக்குப் போயிற்று. தம்பி வரவேயில்லை.

போகும்போது, "இன்னைக்கு மனசு லேசா இருக்கு" என்றார். இருக்காதா? எனக்கல்லவா வைத்தியம் பார்த்திருக்கிறார்.

மார்ச் 7, சனி

இருமக் கத்துக்கிறதுக்கா முப்பத்தாறு வருஷம்? சீ.

மார்ச் 8, ஞாயிறு

என் கணவர் போய் நாலு வருடமாகிறது. இருந்தவரை வாய் ஓயாது. செய்தித்தாளுக்கே பதில் சொல்லிக்கொண்டு படிப்பார். அமைதி வேண்டுமென்றால் நான் வேலைக்குத்தான் போக வேண்டும். இப்போது வீட்டில் அமைதி வேண்டிய மட்டும் இருக்கிறது — வேலையில்தான் தடை.

எழுதிவிட்டுப் பார்த்தால் புகார் மாதிரி இருக்கிறது. புகார்தானா?

மார்ச் 9, திங்கள்

மேலாளருக்கு எழுதினேன்: என் வேலையைப் பார்க்காமல் என்னிடமிருந்து யாரையும் மாற்றக் கூடாது. அரை மணி நேரம் நீங்களே ஆலோசனைக்கு வந்தவராக உட்காருங்கள். ஒப்புக்கொண்டார், நாளை பதினொரு மணிக்கு. இருபது நிமிடம் போதுமாம்.

மார்ச் 10, செவ்வாய்

வந்தார். "வேலைல டென்ஷன்னு வெச்சுக்கலாம் மேடம்" என்றார். வைத்துக்கொண்டோம். இரண்டே நிமிடத்தில் வேலை தீர்ந்துவிட்டது. நிறுத்தினார். நானும் நிறுத்தினேன்.

சிரித்தார். காலரைச் சரிசெய்தார். "கேக்குதா மேடம்?" என்றார். தலையாட்டினேன். மேசையில் எதையோ நகர்த்தினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், முறைக்காமல். அதற்கும் பயிற்சி வேண்டும்.

"வேலை இல்ல. அப்பா" என்றார்.

தினமும் இரவு உணவுக்கு முன் அவர் அப்பா போன் செய்வாராம். இவர் போனை மேசையில் வைத்துவிட்டு மின்னஞ்சல் பார்ப்பாராம். "போன வாரம் பேச்ச நிறுத்திட்டு, 'இருக்கியாடா?'ன்னு கேட்டாரு. இருக்கேன்பான்னேன். அப்புறம் அவர் போனே பண்ணல மேடம்."

அதோடு பேச்சு நின்றது. இந்த முறை காலரைத் தொடவில்லை, திரையைக்கூடப் பார்க்கவில்லை. வாய் மட்டும் ஒருமுறை திறந்து மூடியது. வரப்போகிறது, வரட்டும் என்று மூச்சைக்கூட அடக்கிக் காத்திருந்தேன்.

தொண்ணூறு வினாடி. திரை கறுத்தது.

மறுபடி வருவதற்கு நாலு நிமிடம் ஆயிற்று. முகம் கழுவியிருந்தார்.

"நான் கட் பண்ணல மேடம். சிஸ்டம்தான்."

"தெரியும். நீங்க தூங்கலைன்னும் தெரியும்."

மார்ச் 11, புதன்

மேலாளருக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

ஐயா,

என் அமர்வுகளுக்கு மௌன வரம்பை நாற்பது நிமிடமாக உயர்த்தச் சொல்லிவிட்டதாகக் காலையில் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். நன்றி. வாய்வார்த்தையை நம்பி நான் வேலை செய்வதில்லை.

நேற்று நீங்கள் சொன்னது சோதனையில் சேராது. குறிப்பைக் கிழித்துவிட்டேன். தொடர்ந்து பேச விரும்பினால், அவசரப்படாத ஆலோசகர் ஒருவரின் பெயரைத் தருகிறேன். என் மேலாளருக்கு நானே ஆலோசகராக இருப்பது முறையல்ல.

நாளை மறுநாள் மூன்று மணிக்கு ஒருவர் என்னிடம் வருகிறார். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நிற்கிறார். அதை முடிக்க அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் இயந்திரத்துக்கும் தெரியாது.

வரம்பு உயர்ந்துவிட்டதா, இல்லையா என்பதை நாளை மாலைக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.