இடக்கையால் வைத்த டொமினோ

என் தங்கமே,

நேற்று நம் தெருக்கடையில் டொமினோ மேசையைச் சுற்றி இருந்தது கடைக்காரன் எலாதியோ, மீன்காரி திகுனா, உன் மாமன் நிக்கானோர், நீ, நான். ஒருவரையும் மறக்கவில்லை.

உன் தோள்தான் பேச்சு. "ஆபரேஷன் பண்ண தோளு முன்னவிட வேகமா எறியும்" என்றான் எலாதியோ. "உனக்கு முட்டையே உடையாம எடுத்துக் குடுக்க வராது, நீ பேஸ்பால் பேசுறியா?" என்றாள் திகுனா. "ஞாயித்துக்கிழமை மேட்சுல என் மருமகன் எறியுறான்!" என்று நிக்கானோர் கத்த, நீயும் தலையாட்டினாய்.

மேசை அதிர வலக்கையால் டொமினோக் கட்டையை அடிப்பவன் நீ. நேற்று இடக்கையால் மெல்ல வைத்தாய். இன்னும் வலிக்கிறதா என்று எல்லோர் முன்னாலும் கேட்க மனம் வராமல்தான் எழுதுகிறேன்.

டாக்டர் சொல்லும்வரை எறியாதே, கண்ணே. வீட்டுக்கு வா. சோறும் பீன்ஸும் ஆக்கி வைக்கிறேன். இடக்கையாலேயே சாப்பிடு, நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

எலாதியோவும் திகுனாவும் கவனிக்கவில்லை, போகட்டும். ஆனால் ஒருவன் உன் பியர் கிளாஸை இடக்கைப் பக்கம் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தான். வலி தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை என்று கத்தினான்.

இப்படிக்கு உன் பாட்டி. என் வயிற்றில் பிறந்தவன்தான், இருந்தாலும் மன்னிக்க மாட்டேன் அந்த நிக்கானோரை.