கதவு சாத்திய பிறகு வந்த சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து வீடியோ இல்லை, அம்மாவின் போனுக்கு இரண்டு வரிச் செய்திதான் வருகிறது. ஏன் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் பேசினால் எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும் என்பது உனக்குத் தெரியுமே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்பா மகளுக்கு நன்றி சொல்லக் கூடாது என்று எவன் சொன்னாலும் சரி. காது மெஷினில் பாதி, உதட்டைப் பார்த்துப் பாதி, இரண்டும் சேர்ந்தால்தான் எனக்கு ஒரு முழு வார்த்தை. அது தெரிந்துதான் நீ முகம் நன்றாகத் தெரிய உட்கார்ந்து, நிதானமாகப் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறாய். நான் அதை டிவிடியாக்கிப் பெரிய டிவியில் பார்க்கிறேன், பென் டிரைவ் சொருக ஓட்டைகூட இல்லாத கிழட்டு பிளேயர், எனக்கு ஏற்ற ஜோடி. ஆரம்பத்தில் ஃபைலை அப்படியே டிவிடியில் போட்டுவிட்டு, பிளேயர் துப்பியதும் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் அதற்குப் புரிகிற விதத்தில் மாற்றி அடுக்கித் தருகிற புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். நான்கைந்து நிமிஷ வீடியோக்கள் எல்லாம் ஜோராக ஓடின.

கடைசியாக நீ அனுப்பியதுதான் இருபத்து நான்கு நிமிஷம். முதல் ஏழெட்டு நிமிஷம் புரிந்தது. அதற்கப்புறம் நீ பேசுகிறாய், எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. காது டாக்டர் போன வருஷமே, சத்தம் காதில் விழுந்தாலும் மூளைக்குப் புரியாமல் போகிற நாள் வரலாம் என்று எழுதிக் காட்டியிருந்தார். அந்த நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். பயந்துவிட்டேன் பாப்பா. அம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தேன், முடிந்ததும் பாப்பா கொஞ்சம் இளைச்சிட்டா என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனேன். அம்மா அதை அப்படியே உனக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஐந்து வாரம் அந்த டிவிடியைத் தொடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வெளியே போயிருந்தபோது வீம்புக்கு மறுபடி போட்டேன். பன்னிரண்டாவது நிமிஷத்தில் மாப்பிள்ளை உனக்குப் பின்னால் ஒரு கதவைச் சாத்துகிறார். கதவு சாத்தியாகிவிட்டது, அப்புறம்தான் டப் என்று சத்தம் வருகிறது. கதவு சாத்துகிற சத்தத்தைப் புரிந்துகொள்ள மூளை எதற்கு? பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவனுக்கு அதற்கு மேல் உட்கார முடியுமா, ஸ்டாப் வாட்சை எடுத்துவிட்டேன். ஐந்தாவது நிமிஷத்தில் நீ டம்ளரை வைக்கிறாய், வித்தியாசம் இல்லை. கதவுக்கு அரை நொடி. இருபத்திரண்டில் நீ இருமுகிறாய், ஏறக்குறைய இரண்டு நொடி. கிளம்பும்போதே பத்து நிமிஷம் தாமதமான பஸ் வேறு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிற பஸ் வேறு. இது இரண்டாவது ரகம். குரலை ஒரே தடவையாக முன்னால் தள்ளிவைத்தால் தீராது.

அம்மா வந்ததும் கேட்டேன். அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அவ்வளவு தூரத்துல இருந்து வருதே, குரல் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்னு நினைச்சேங்க என்றாள். உன் அம்மாவை நான் என்ன செய்ய! சிரித்துச் சிரித்து மெஷின் காதிலிருந்து விழுந்துவிட்டது.

கடைக்காரர் ஒரு தாளில் எழுதியே விளக்கினார், மகராசன் நன்றாக இருக்கட்டும். போன் கேமரா வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு எடுக்கிற படங்களைத் தானாகக் குறைத்துக்கொள்ளுமாம். நீ பேசப் பேசச் சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. நம் புரோகிராமோ எல்லா நொடிக்கும் ஒரே கணக்கு என்று நினைத்து ஓட்ட, படம் முந்திக்கொண்டது, குரல் பின்னால் நின்றது. முதலில் நொடிக்கு இத்தனை படம் என்று சீராக்கி ஒரு ஃபைல், அதிலிருந்து டிவிடி. அப்படியும் முதல் டிவிடி திக்கித் திக்கி ஓடியது, எழுதுகிற வேகத்தைக் குறைத்ததும் வழிக்கு வந்தது. நேற்று மத்தியானம் போட்டேன். டப்பும் கதவும் ஒன்றாக வந்தன. உன் வாயும் குரலும் ஒன்றாக வந்தன. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதுதான் அவளும் சொன்னாள், கடைசியில பாப்பா சொன்னதைக் கேட்டுட்டும் நீங்க அதைப் பத்திப் பேசாம எழுந்து போனீங்களே, அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலன்னு விட்டுட்டேன் என்று.

நீ சொன்னதை நேற்றுத்தான் கேட்டேன் பாப்பா, நான் பதில் சொல்லவில்லை என்றுதானே நீ வீடியோ அனுப்புவதை நிறுத்திவிட்டாய். நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நான் கத்திப் பேசுவதைப் பார்த்து உன் தோழிகள் சிரித்ததால், பள்ளிக்கூட வாசலுக்கு வராதீங்க, தெருமுனையில நில்லுங்க என்று சொன்னதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். பொய் சொல்ல எனக்கு வராது, அன்றைக்கு வலித்தது. ஆனால் என்னைத் தெருமுனையில் பார்த்ததும் நீ என்ன செய்வாய் என்பதை மறந்துவிட்டாய். பையை என் தோளில் மாட்டிவிட்டு, எனக்கு உன் உதடு தெரிய வேண்டும் என்று வீடு வரை என்னைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வருவாய். இரண்டு தடவை சைக்கிளில் இடித்துக்கொண்டாய், அப்படியும் திரும்பவில்லை. யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள நான் படித்த பள்ளிக்கூடம் அந்தத் தெருதான். மன்னித்தேன் என்று எழுதினால்தான் உனக்கு நிம்மதி என்றால், மன்னித்து இருபது வருஷம் ஆகிறது, சொல்லத்தான் விட்டுப்போனது.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று மனம் ஒத்து நீண்ட காலம் வாழ வேண்டும். பேச உட்காரும்போது மறக்காமல் விளக்கைப் போட்டுக்கொள். எத்தனை நிமிஷம் வேண்டுமானாலும் பேசு, அப்பா இங்கேதான் இருக்கிறேன்.

என்றும் உன் அன்பு
அப்பா