தொடாத எண்

அன்புள்ள உனக்கு,

நான் நலம். நீயும் நம் வாலுப் பெண்ணும் நலமா? அவளுக்குப் பல் விழுந்துவிட்டதாமே. உன் தம்பி சொல்லித்தான் தெரியும். எந்தப் பல் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டேன். மூன்று வருடமாக நீ சொன்ன வேலை, அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நன்றாகத் திட்டிக்கொள். இப்போது வீட்டில் அந்தச் சொட்டுச் சத்தமும் இல்லை.

ஆபீஸில் வெள்ளக் கணக்கு கழுத்தை நெரிக்கிறது. இவ்வளவு மழைக்கு ஆறு எவ்வளவு ஏறும் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். போன வருட மழையைக் கொடுத்துப் பார்த்தால், வந்த வெள்ளத்தைவிட இரண்டடி குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒன்பது எண்கள். மண் எவ்வளவு குடிக்கும், தண்ணீர் எத்தனை நாள் அடியில் தங்கும், இப்படி எதுவும் சரியாகத் தெரியாது. மற்றவற்றை அப்படியே வைத்து, ஒன்றை மட்டும் கூட்டிக் குறைத்து, எதற்கு ஆறு அசைகிறது என்று பார்ப்போம். அசைக்கிற எண்ணைத்தான் தேட வேண்டும், மற்றதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. இரண்டு மாதம் பார்த்தேன். எட்டு எண்களை மாற்றியும் ஆற்று மட்டம் அசைந்து கொடுக்கவில்லை.

பக்கத்து மேஜை அம்மாவை ‘கறார்’ என்போமே, அவர் எட்டிப் பார்த்து, “இந்த ஒன்பதாவத மட்டும் ஏன் சார் தொடவே இல்ல?” என்று கேட்டார். மண் குடிக்கும் அளவு அது. நானே குழி தோண்டி அளந்தது, அதில் தப்பிருக்காது என்றேன். “நீங்க அளந்தா தப்பே வராதா?” என்று சிரித்தார். வீம்புக்குத்தான் மாற்றினேன். கொஞ்சம்தான். ஆறு இரண்டடி ஏறி, போன வருட வெள்ளக் கோட்டில் போய் நின்றது.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. உனக்கு வெளியூரில் அந்த வேலை கிடைத்தபோது நானும் இதைத்தானே செய்தேன்? உன் வேலையை, அவள் பள்ளிக்கூடத்தை, விடுமுறையை, எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். நான் இந்த ஊரைவிட்டு வரமாட்டேன் என்பதை மட்டும் தொடவிடவில்லை. “நீங்க மட்டும் ஏன் அசையவே மாட்டேங்கிறீங்க?” என்று நீ கேட்டாய். நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் இருக்கும் ஊர் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாம். கிடைத்தாலும் நீ சொன்னால்தான் வருவேன். தனியாக இருக்க முடியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலில் இப்போதைக்கு வேறெதுவும் எழுத வேண்டாம். எந்தப் பல் என்று மட்டும் எழுது.

என்றும்
உன்னவன்