ரோசம்மா விட்டுப்போன கடிதம்

வியாழன், ஆவணி 12

ரோசம்மா இன்றும் மகனின் கடிதத்தோடு அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் தென்னை விளையில் அவர்கள் குடிசை நின்ற பத்து சென்ட் நிலம் குடியிருப்புச் சட்டப்படி அவர்களுக்கே போனதிலிருந்து அப்பா அவளிடம் பேசுவதில்லை. துபாய்க் கடிதங்களை மட்டும் நான் வாசித்துச் சொல்கிறேன். மலையாளப் பள்ளியில் படித்த மகன் ஞானதாஸ் மலையாளத்தில் எழுதுவான், நான் தமிழில் சொல்வேன்.

இன்று கடைசி வரி எனக்கு. "வாசிக்கிற ஆளிடம் கேளுங்கள் அம்மா. லீவில் வந்து பெண் கேட்க முன்வாசலில் ஏறட்டுமா, இல்லை எனக்கும் அடுக்களை வாசல்தானா?"

அதைச் சொல்லாமல் மடித்தேன். நேரில் நாங்கள் பத்து வார்த்தை பேசியிருப்போமா?

"அவ்வளவுதான் எழுதியிருக்கானா மக்கா?"

"அவ்வளவுதான்."

நீட்டிய கடிதத்தை அவள் வாங்கவில்லை. "உனக்கிட்ட இருக்கட்டும். பதில் எழுத நாளைக்கு வாறேன்."

எந்தக் கடிதத்தையும் அவள் இங்கே விட்டுப்போனதில்லை. வேறு யாரோ முன்பே வாசித்துச் சொல்லிவிட்டார்களா? எனக்கு வந்தது கோபமா, பயமா, அதுவும் தெரியவில்லை.

விளக்கு வைத்த பிறகு முற்றத்தில் இறங்கி நின்று எங்கள் முன்வாசலைப் பார்த்தேன். உள்ளே சாய்வு நாற்காலியில் அப்பா. படி மூன்றுதான். இவ்வளவு நாளும் அதை நான் எண்ணியதே இல்லை.