ரோட்டைப் பார்க்காத விடுதி

இன்று அலுவலகத்தில் ஒரு பெண் கணினித் திரையில் வீடு ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். சித்திரை மாத நிழல் அந்தத் திரை வீட்டின் சுவரில் ஏறி இறங்கியது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். நான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் ஜவ்வாது மலையில் பெண் பிள்ளைகளுக்கு விடுதி கட்டும் வேலை கட்டடக் கலை படித்த தோழிகளான நம் இருவருக்கும் வந்தது. எந்த மாதம் சூரியன் எந்தக் கோணத்தில் வரும், சுவர் எவ்வளவு சூடேறும் என்று கணக்கிட நீ புரோகிராம் எழுதினாய். அதைத் துளைகளாகப் பதித்த அட்டைகளைச் சென்னையில் கல்லூரிக் கணினி அறையில் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்போம். ஒரு காற்புள்ளி பிசகினாலும் அட்டைக் கட்டு அப்படியே திரும்பி வரும். நீ சிரித்துக்கொண்டே மறுபடி துளையிட உட்காருவாய்.

ஜன்னல்கள் தெற்கே பார்க்க வேண்டும், கூரை இன்னும் நீள வேண்டும்; அப்போது குளிர்காலத்தில் வெயில் உள்ளே வரும், கோடையில் வராது என்றது கணக்கு. ரோடோ வடக்கே இருந்தது. ஒப்பந்தக்காரர் கொதித்தார்.

"ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கினு எவன்மா கட்டுவான்? பாக்குறவன் சிரிப்பான்."

"ரோட்ல போறவனா உள்ள படுக்கப்போறான்?" என்றாய் நீ, உன் கலசப்பாக்கத்துக் குரலில். "புள்ளைங்க படுக்குற வூடுங்க இது."

வேலை நின்றே போனது. நீ அசையவில்லை. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.

மார்கழியில் இருவரும் போய்ப் பார்த்தோம். தரையில் விழுந்த வெயிலுக்குள் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நீ என் கையைக் கிள்ளினாய்.

"பாதி சரியா வந்துட்ச்சிடீ. கோடைல வந்து மீதியப் பாக்கலாம்."

மாசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

கத்திரி வெயிலில் நான் மட்டும் செங்கத்தில் பஸ் மாறி மலையேறினேன். விடுமுறை, விடுதி காலியாகக் கிடந்தது. உச்சி வேளையில் ஜன்னல் கட்டையைக்கூட வெயில் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றேன். பாதம் குளிர்ந்தது. சொல்லலாமென்று திரும்பினால், வெறும் அறை.

விடுதிச் சமையல்கார அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். "இன்னொரு மேடம் வர்லீங்களா?"

"வர்லம்மா" என்றேன். தண்ணீரை வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் எத்தனையோ கட்டடங்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் முதல் கோடையில், கணக்குச் சரியாக வந்ததா என்று பார்க்க, தனியாகத்தான் போகிறேன். கூட வருகிறேன் என்பவர்களிடம் ஏதாவது காரணம் சொல்லிவிடுவேன். அங்கே என் பக்கத்தில் நிற்க வேண்டியவள் நீ. அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.