கொப்புளக் காலுக்குப் புது ஷூ

செண்பகம்,

தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன். நாஷ்டா ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

உன் காலில் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "போலீஸ் தேர்வும் வேணாம், ஓடறதும் வேணாம்" என்று முந்தாநாள் கத்தியது என் தப்புதான்.

கட்டிலடியில் புது ஷூ வைத்திருக்கிறேன். நீ முன்பாதம் ஊன்றி ஓடுவாய் என்று சொன்னதும், "அப்ப வெரலாண்ட அகலமா, அரை சைஸ் பெருசா எடுத்துக்கினு போ நைனா" என்றார் கடைக்காரர். காட்டன் சாக்ஸ் வேண்டாம், வேர்வையில் ஊறி உரசுமாம். வேறு சாக்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இன்று ஓடாதே, வீட்டுக்குள் நடந்து பார். விரல் இடித்தால் மாற்றித் தருவார்.

தேசப்பன்

இன்னொன்று: தேர்வு நாளுக்கு லீவு கேட்டேன். எதற்கு என்றார் சூப்பர்வைசர். "எங்க ஊட்டுக்காரி போலீஸ் ஆவப் போறா சார், நான் கூடப் போவணும்" என்றேன்.